எதிராளியும் எடுக்கலாம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருந்த காவலர் கேட்டார். சீட்டு தயாரிக்கிற கம்பெனியில் இருக்கிறேன் என்றேன். உடனே என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். எனக்கு வருத்தமில்லை மேடம், பழகிப்போன விஷயம். என் அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும், பிள்ளை ஏதோ சூதாட்டக் கூடத்தில் கணக்கு எழுதுகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நீங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது. அதனால் முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது. இந்த விவகாரத்தை விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். மூடியதைத் திறக்கச் சொல்கிறவனிடம் பொறுமையாக இருப்பது கஷ்டம்தான். ஆனாலும் உட்காருங்கள்.

நாங்கள் செய்வது படம் போட்ட சீட்டு. ஆளுக்கொரு கட்டு. அதில் வீரர்கள், மிருகங்கள், மந்திரங்கள் எல்லாம் இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து வழுக்கை விழுந்த வக்கீல்கள் வரைக்கும் வாங்குகிறார்கள், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்கிறார்கள், விடுமுறை நாளில் எங்கள் கம்பெனிக் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள். ஒரு வீரனை மேசையில் இறக்க வேண்டுமென்றால் வலு வேண்டும். அந்த வலுவைத் தருவது நிலச் சீட்டு. மலை, காடு, வயல், கடல், பாலை என்று ஐந்து நிலம், ஐந்து வகை வலு. நிலம் வராதவன் கை நிறைய டிராகனை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பான். அந்த முழியைப் பார்க்கும்போதுதான் எனக்கு என் வேலை மேல் ஒரு மரியாதை வரும்.

எல்லோருக்கும் டிராகன் மேல்தான் கண். நிலம் என்றால் காலடியில் கிடப்பதுதானே என்று ஓர் அலட்சியம். பதினைந்து வருஷமாக அந்தக் கம்பெனியின் நிலங்கள் அத்தனையையும் யோசித்து எழுதியவன் நான்.

அந்த வேலையில் ஒரே ஓர் ஒழுக்கம்தான் உண்டு. எதையும் சும்மா கொடுக்கக் கூடாது. ஒரு நிலம் மலை வலுவும் தரும், கடல் வலுவும் தரும் என்றால் அது கூடுதல் சுகம். ஆகவே அது மேசைக்கு நிமிர்ந்து வரக் கூடாது. படுத்தபடி இறங்கி, ஒரு சுற்று சும்மா கிடந்து, அடுத்த சுற்றில்தான் எழுந்து உதவ வேண்டும். அல்லது ஒவ்வொரு முறை வலு எடுக்கும்போதும் ஆடுகிறவனின் உயிர்ப் புள்ளி ஒன்று குறைய வேண்டும். விலை கொஞ்சம் கூடினால் அந்தச் சீட்டை ஒருவனும் தொட மாட்டான். கொஞ்சம் குறைந்தால் எல்லோரும் அதையே வைத்து ஆடி ஆட்டத்தைக் கொன்றுவிடுவார்கள். அந்த நூலிழையில் நிற்பதுதான் என் தொழில். என் நிலம் ஒன்றுகூட இதுவரை தடை செய்யப்பட்டதில்லை.

ஆடுகிறவர்களும் சொந்தமாக நிலம் எழுதி அனுப்புவார்கள். நல்லதாகத் தேறினால் அச்சிடுவோம் என்று முதலாளி ஒரு போட்டி மேடையில் உளறிவைத்தார். வந்து குவிந்தது. மேடம், மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள லாக்கப்பைப் பார்க்க வேண்டாம், அந்தக் குவியலைப் படித்தால் போதும். ஒருவன் காதலியின் கண்ணை ஏரியாக வரைந்து, ஐந்து வலுவும் தரும், உயிரும் கூட்டும் என்று எழுதியிருந்தான். விலை எதுவும் இல்லை. ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கையே நிலமாக்கி, எதிராளியின் மிருகங்களுக்கெல்லாம் பல் விழும் என்று போட்டிருந்தார். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றுதான். தனக்கு எல்லாம் கிடைக்க வேண்டும், அது சமமாகத்தான் இருக்கிறது என்று நான் சான்றிதழும் தர வேண்டும். நான் சிவப்பு மையில் ஒரே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவேன்: ‘விலை?’ அதனால் ஆபீசில் எனக்கு ‘வரி’ என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

இப்போது மாப்பிள்ளை. என் தங்கையின் கணவர். நீங்கள் ஆஸ்பத்திரியில் பார்த்து வாக்குமூலம் வாங்கினீர்களே, அவர்தான். கடைப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்த ஆள். ஏணியில் நின்று பாடிக்கொண்டே எழுதுவார், பாட்டில் மயங்கி எழுத்தை விட்டுவிடுவார். ஒரு மருந்துக் கடை வெகுநாள் ‘மருதுக் கடை’யாகவே நடந்தது. தங்கை அந்தப் பலகையைப் பார்த்துச் சிரிக்க, சிரித்தவளை அவர் ஏணியிலிருந்து பார்க்க, அவ்வளவுதான் அவர்களுடைய காதல் கதை.

தங்கைக்கு எங்கள் கம்பெனியில் சோதனை மேசை. நான் எழுதுகிற சீட்டை வைத்து ஆடி ஆடி, எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பாள். என் நிலங்கள் பல அவள் கையில் உடைந்திருக்கின்றன. நான் மதிக்கிற ஒரே ஆள் அவள்தான். அவள் கேட்டதால்தான் அவரைப் படம் வரைகிற வேலைக்கு நான் உள்ளே கொண்டுவந்தேன். அவர்கள் குடியிருப்பதும் எங்கள் அப்பா வீட்டில். காற்றோட்டமான பின்னறையை அவர்களுக்கு விட்டுவிட்டு, பஸ் சத்தம் கேட்கிற முன்னறைக்கு நான் வந்துவிட்டேன். நானாகத்தான் வந்தேன். யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவர் என் மேசைக்கு வந்து ஓர் அட்டையை வைத்தார்.

“மச்சான், சும்மா ஒரு கிணறு வரைஞ்சேன். அப்புறம் கீழ ரெண்டு வரி எழுதிப் பார்த்தேன். சரியா வருமான்னு கொஞ்சம் பாருங்களேன்.”

படத்தில் ஒரு கிணறு. பக்கத்தில் யாரும் இல்லை, ஆனால் இப்போதுதான் யாரோ தண்ணீர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று ஈரத்தை வைத்துத் தெரிந்தது. பெயர், பொதுக்கிணறு. கீழே எழுதியிருந்தது இதுதான்: ‘எந்த வலுவும் தரும். எதிராளியும் எடுக்கலாம்.’

“விலை எங்க, மாப்பிள்ள?”

“அதான் மச்சான், எதிராளியும் எடுக்கலாமே.”

“அது விலையா?”

தலையைச் சொறிந்தார். “விலையான்னு தெரியல. கிணறுன்னா அப்படித்தானே இருக்கும்?”

நான் சிரித்தேன். நிமிர்ந்தபடி இறங்குகிறது, உயிரைக் கேட்கவில்லை, ஐந்து வலுவையும் அள்ளிக் கொடுக்கிறது. பச்சைக் குழந்தை எழுதியது மாதிரி இருந்தது. தங்கையிடம் கொடுத்து, “சாயங்காலத்துக்குள்ள உடைச்சுக் குடு” என்றேன்.

சாயங்காலம் அவள் உதட்டைப் பிதுக்கினாள். “உடையல, அண்ணா.”

“சரியா ஆடியிருக்க மாட்டே.”

“நீயே ஆடிப் பாரு.”

ஆடினேன். வேகமான கட்டோடு ஆடினேன், மந்தமான கட்டோடு ஆடினேன், எதிராளியைப் பட்டினி போட்டுக் கொல்கிற கட்டோடும் ஆடினேன். கிணற்றை வைத்தவன் ஜெயிப்பதும் தோற்பதும் சரிபாதியாகவே வந்தது. வாரக்கணக்கில் ஆடினேன். அசையவில்லை. அது எழுதியவரின் சாமர்த்தியம் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் எறிந்த கல் காயில் பட்டுவிட்டது. அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.

விடுமுறை நாளில் கூடத்தில் சோதனைக்கு விட்டார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் வாயைத் திறக்காத ஜாதி, சீட்டை இறக்கிவிட்டு முறைப்பார்கள். அன்றைக்குப் பேசினார்கள். “எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க, நான் அடுத்த சுற்றுல எடுத்துக்கறேன்” என்று ஒரு வக்கீல் ஒரு காலேஜ் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கூடம் சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது. முதலாளி நடுவில் நின்று வாயெல்லாம் பல்லாக ரசித்துக்கொண்டிருந்தார்.

“வரி, புது வரிசைக்கு இந்தக் கிணறுதான் முகப்பு” என்றார். “பதினஞ்சு வருஷத்துல இப்பதான் ஒரு நிலத்தைப் பேர் சொல்லிக் கேக்கறாங்க, பார்த்தீங்களா? உங்க நிலமெல்லாம் ஆளுங்க கட்டுல கெடக்கும். ஆனா ஒண்ணோட பேராவது யாருக்காவது தெரியுமா?”

அவர் மனம் நோகச் சொல்லவில்லை. அவருக்கு அந்த அளவுக்கு யோசிக்க வராது.

அதற்குப் பிறகு நான் மாப்பிள்ளையைக் கவனிக்க ஆரம்பித்தேன். வயிற்றெரிச்சல் என்று நீங்கள் மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பது தெரிகிறது. அடித்துவிடுங்கள். நான் பார்த்தது ஒரு சீட்டைப் பார்ப்பது போலத்தான். இந்த ஆள் எதையெல்லாம் தருகிறார், எதையெல்லாம் பெறுகிறார், அதற்கு என்ன விலை? வேலை என்னால் வந்தது. மனைவி என் தங்கை. அறை என் அறை. வரைவதற்கு யாரிடமும் படிக்கவில்லை, தானாக வந்தது. படுத்தால் தூங்கிவிடுவார் மேடம், தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை. ஆபீசில் டீ கொண்டுவருகிற அம்மா கூட அவருக்கு மட்டும் சூடு ஆறாமல் கொண்டுவந்து தருவாள். அவரிடமிருந்து ஒரு புள்ளி உயிர்கூடக் குறைந்து நான் பார்த்ததில்லை. படுத்தபடி இறங்கி ஒரு சுற்றுகூடச் சும்மா கிடந்ததில்லை.

கொஞ்ச நாள் படுத்துக் கிடக்கட்டும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

கம்பெனியின் கீழ்த்தளத்தில் அச்சுக்கூடம். பெரிய தாள்களில் அச்சான சீட்டுகளை அடுக்கி வெட்டுகிற மிஷின் ஒன்று அங்கே இருக்கிறது. நீங்கள் பார்த்தீர்கள், ஆனால் கறையைத்தான் பார்த்தீர்கள். பழைய மிஷின். முதலில் ஒரு கனமான கட்டை இறங்கித் தாளை அழுத்திப் பிடிக்கும். பிறகு கத்தி வரும். இரண்டு ஓரத்திலும் இரண்டு பட்டன். இரண்டையும் அழுத்தினால்தான் ஓடும். வெட்டுகிறவனின் இரண்டு கையும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. உள்ளே கை போனால் மிஷினை நிறுத்துகிற ஒளிக்கண் ஒன்றும் உண்டு. அது செத்து ரொம்ப நாளாகிறது. மெக்கானிக் வருவார், வருவார் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். வெட்டுகிறவருக்கு ‘அங்குலம்’ என்று பெயர். நல்ல தொழிலாளி, ஆனால் சோம்பேறி. ஒரு பட்டனில் அட்டையை மடித்துச் செருகிவிட்டு ஒரே கையால் வேலையை முடிப்பார். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அந்தப் பட்டனில் ஓர் அட்டை செருகியிருந்தால் யாருக்கும் மூக்கு வியர்க்காது.

புது வரிசையின் முதல் தாள்கள் அச்சாகி வந்தன. மத்தியானம். அங்குலம் சாப்பிடப் போயிருந்தார். போகும்போது அட்டையை எடுத்துவிட்டுத்தான் போனார், அதை நான் அவருக்காகச் சொல்லியே ஆக வேண்டும். அவரை வேலையிலிருந்து நிறுத்தியது தப்பு. நான் மேலே போய், “மாப்பிள்ள, உங்க கிணறு அச்சாகி வந்திருக்கு, வந்து பாருங்க” என்று கூப்பிட்டேன். குழந்தை மாதிரி படியில் தாவித் தாவி இறங்கினார்.

மிஷின் மேசையில் தாள்கள் அடுக்கி இருந்தன. மேல் தாளில் வரிசை வரிசையாகக் கிணறு.

“மச்சான், நீலம் நல்லா வந்திருக்கு, இல்ல?”

“வந்திருக்கு. அந்த ஓரம் மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு பாருங்க, உள்ள கை விட்டு நேரா தட்டுங்க.”

உள்ளே கை விட்டுத் தட்டினார். கட்டை இறங்கியது. கத்தி இறங்கியது.

வலது கை. கட்டை விரல் தப்பியது. மற்ற நான்கும் போயின. அச்சுக்கூடத்துத் துணியால் நான்தான் இறுக்கிக் கட்டினேன். நான்தான் வண்டி ஓட்டினேன். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை, ஆகவே ரத்தமும் கொடுத்தேன். அதை நல்லவன் வேஷம் என்று நினைக்காதீர்கள். நான் வைத்த விலைக்கு மேல் ஒரு சொட்டும் அவரிடமிருந்து போகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். தங்கை ஓடி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீ மட்டும் அங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும், அண்ணா?” என்றாள். அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். மனதுக்குள் ஒரு நிதானம் இருந்தது. ஒரு சீட்டு கடைசியில் சரியாக அமைந்துவிட்டால் வருமே, அந்த நிதானம்.

நீங்கள் வந்தீர்கள். அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும், கதவுக்கு வெளியில்தான் நின்றேன். “நான்தான் அவசரப்பட்டு அட்டையைச் செருகினேன், குனியும்போது என் முழங்கை அந்தப் பக்கத்துப் பட்டன்ல பட்டுடுச்சு” என்றார். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். மேடம், அந்தப் பட்டன் மறுகோடியில் இருக்கிறது. ஒருவர் உள்ளே கையை விட்டுக்கொண்டு முழங்கையால் அதைத் தொட வேண்டுமென்றால் அவருக்கு இன்னொரு முழங்கை வேண்டும். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

நீங்கள் போன பிறகு நான் உள்ளே போனேன். தங்கை மருந்து வாங்கப் போயிருந்தாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மச்சான், கட்டை இறங்கினதும் நான் திரும்பிப் பார்த்தேன். ஒங்களைக் கூப்பிட்டேன்.”

நான் கதவைச் சாத்தினேன்.

“ஒங்க தங்கச்சிகிட்ட சொல்ல மாட்டேன். அவளுக்கு நீங்க மட்டும்தான் இருக்கீங்க. அழாதீங்க, போங்க.”

நான் அழவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னது உண்மைதான். கட்டை இறங்கி விரல்களைப் பிடித்த பிறகு கத்தி வருவதற்குள் ஒரு சின்ன இடைவெளி உண்டு. பட்டனிலிருந்து கையை எடுத்தால் கத்தி மேலேயே நின்றுவிடும். அவர் “மச்சான்” என்று கூப்பிட்டது அந்த இடைவெளியில்தான். குரலில் பயம்கூட இல்லை. நான் கவனிக்காமல் அழுத்திவிட்டேன், சொன்னால் எடுத்துவிடுவேன் என்ற நம்பிக்கைதான் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அட்டையைச் செருகியவன் நான், பட்டனை அழுத்தியவன் நான், கையை எடுக்காமல் நின்றவனும் நான்.

பிறகு நான் காத்திருந்தேன். இப்படி ஒரு ரகசியத்தை வைத்திருக்கிறவர் எதையாவது கேட்காமல் இருக்க மாட்டார். முன்னறையைக் கேட்பார், வேலையை விட்டுப் போகச் சொல்வார், வீட்டை எழுதித் தரச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதுவாக இருந்தாலும் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நடக்கலாம் என்றிருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. காலையில் என்னைப் பார்த்தால், “மச்சான், தூங்குனீங்களா?” என்பார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்பார். அவர் இப்போதும் நன்றாகத் தூங்குகிறார். குறட்டை முன்னறை வரைக்கும் கேட்கிறது.

போன வாரம் தங்கை ஒரு மரப்பலகையில் பள்ளம் வெட்டிக்கொண்டு வந்தாள். அதில் சீட்டுகளை நிறுத்திவைத்து இடது கையால் எடுத்து ஆடலாம். “மச்சான், ஒரு ஆட்டம்?” என்றார். உட்கார்ந்தேன். என் கட்டில் இருந்தது எல்லாம் என் நிலங்கள். அவர் இரண்டாவது சுற்றிலேயே கிணற்றை இறக்கினார். எனக்குக் கடல் வலு வரவே இல்லை. கை நிறைய டிராகனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“எடுத்துக்கோங்க மச்சான். அது ரெண்டு பேருக்கும்தான்.”

“வேண்டாம்.”

“ஏன் அண்ணா, எடேன்” என்றாள் தங்கை. “எடுத்தா நீதான் ஜெயிப்ப.”

எடுக்கவில்லை. தோற்றேன். நான் ஒருவரிடமிருந்தும் எதையும் சும்மா வாங்கியவன் இல்லை. அவர் எனக்குப் போட்ட பிச்சையைத் திருப்பிக் கொடுக்கத்தான் இங்கே வந்திருக்கிறேன். உங்கள் சட்டத்தில் இதற்கு ஒரு விலை எழுதியிருக்கும், அதைச் சொல்லுங்கள், நான் கட்டிவிடுகிறேன். மனசாட்சி உறுத்தி வந்தான் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அங்குலத்துக்காக வந்தான் என்றும் வேண்டாம், அவர் வேறு அச்சுக்கூடத்தில் சேர்ந்துவிட்டார், அங்கேயும் அட்டையைச் செருகிக்கொண்டிருப்பார்.

ஏன் இன்றைக்கு என்று கேட்கிறீர்கள். நேற்று வந்திருக்கலாம், போன வாரமே வந்திருக்கலாம். நியாயமான கேள்வி.

இன்று காலையில் தங்கை ஒரு தாளை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அவர் வரைந்தது. ஒரு குளம், அதன் மேல் மழை. கையில் போட்ட கட்டைப் பிரித்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. கோடுகள் கொஞ்சம் நடுங்கியிருந்தன, அந்த நடுக்கம் தண்ணீருக்குப் பொருந்திப்போயிருந்தது. அப்படி ஒரு தண்ணீரை நான் எந்தச் சீட்டிலும் பார்த்ததில்லை. முதலாளி பார்த்துவிட்டுப் பழைய கிணற்றைவிட நன்றாக இருக்கிறது என்றாராம். தங்கை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இடது கையால், மேடம். யாரிடமும் படிக்காமல். நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன நியாயம் இருக்கிறது?